காணாமல் போன கல்

பங்குனி மாதம். பருத்தி எடுத்து முடிந்து, மாரும் பிடுங்கிக் கட்டியாகிவிட்ட காடு. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையை விட்டு இறங்கி, வண்டித்தடத்தில் ஒரு மைல் நடந்தால் அந்தப் புஞ்சை வரும். கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். பெரியப்பா ஒருவரும் தம்பி மகன் ஒருவரும் வரப்பின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் நில அளவையர்.

“கல்லு இங்கனதான் கெடந்துச்சு பெரியப்பா. சின்னப்பிள்ளையில நானே அது மேல உக்காந்திருக்கேன்.”

“இல்லலே. அந்தா அந்த உடைமரத்துக்கு நேரா. உங்க தாத்தா எனக்குக் காட்டுன இடம்லா அது.”

இருவரும் காட்டிய இடங்களுக்கு நடுவே பத்தடி இருக்கும். இருவருமே பொய் சொல்லவில்லை. அளவையர் அவர்கள் பேச்சில் தலையிடவில்லை. கையில் இருந்த புலப்படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, மண்ணில் இருந்த வேறு இரண்டு கற்களைத் தேடிப் போனார். அவை இரண்டும் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகச் சங்கிலி பிடிக்கச் சொன்னார். குறிப்பிட்ட தூரம் வந்ததும் நிறுத்தி ஒரு முளை அடித்தார். முளை இருந்த இடத்தில் ஒரு கம்பை நட்டு, அதன் தலையில் இருந்த பிளவின் வழியே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “இடது பக்கம்… இன்னும் கொஞ்சம்… நில்லுங்க” என்றார். அந்தத் திசையில் டேப்பை இழுத்து, அளவு முடிந்த இடத்தில் கடப்பாரையால் குத்தச் சொன்னார். ஒரு முழ ஆழத்தில் ‘ணங்’ என்று சத்தம் கேட்டது. கல் சாய்ந்து படுத்திருந்தது.

பெரியப்பா காட்டிய இடத்துக்கும் மகன் காட்டிய இடத்துக்கும் நடுவே எங்கேயோ அது இருந்தது. இரண்டு மனிதர்களின் நினைவு தவறிய இடத்தில் இரண்டு எண்கள் தவறவில்லை. அந்த இரண்டு எண்களையும் பிணைத்து வைத்திருந்தது ஒரு செங்குத்துக் கோடு. பத்தாம் வகுப்பில் ‘கொடுக்கப்பட்ட புள்ளி வழியாகச் செல்வதும், கொடுக்கப்பட்ட கோட்டுக்குச் செங்குத்தானதுமான நேர்க்கோட்டின் சமன்பாடு காண்க’ என்று ஒரு கணக்கு வரும். எத்தனையோ பிள்ளைகள் அதை ஐந்து மதிப்பெண்ணுக்காக மட்டும் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த அன்றே மறந்துவிடுகிறார்கள். அவர்கள் வீட்டுப் பத்திரப் பையில் இருக்கும் புலப்படம் முழுக்க அந்தக் கணக்குதான். இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

*

முதலில், கல் ஏன் சாய்ந்தது? கரிசல் மண்ணில் ஸ்மெக்டைட் என்னும் களிமண் வகை நிறைய உண்டு. அதன் நுண்ணிய தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் வெளியேறினால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பி, பங்குனி, சித்திரையில் சுருங்கி வெடிக்கும் மண்ணில் ஊன்றிய எதுவும் அப்படியே நிற்காது. வேலிக் கம்பு சாயும். வீட்டுச் சுவரில் கீறல் விழும். எல்லைக்கல்லும் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் அசைந்து, ஒரு நாள் வெடிப்பின் பக்கமாகச் சாயும். அதன் மேல் டிராக்டர் கலப்பை ஒரு தடவை ஏறினால் போதும், கல் மண்ணுக்குள் போய்விடும். இந்த மண்ணில் கல்லை நம்பி எல்லை வைக்க முடியாது. கல் போனாலும் அதன் இடம் போகாமல் இருக்க ஒரு வழி வேண்டும்.

சென்னை மாகாணத்தில் 1858இல் நில அளவைத் துறை தொடங்கியது. புலம் புலமாக அளந்து, ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனியாக ஒரு படம் வரைந்தார்கள். அதுதான் புலப்படம், எஃப்.எம்.பி. என்று ஊரில் சொல்வது இதைத்தான். 1923ஆம் ஆண்டின் அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இன்றும் இந்த வேலைக்கு அடிப்படை.

புலப்படத்தைக் கையில் வைத்துப் பாருங்கள். புலத்தின் எல்லைக்கோடு ஓடை போகிற போக்கில் வளைந்து நெளிந்து இருக்கும். அதன் குறுக்கே மூலைக்கு மூலை நேராக ஒரு கோடு போகும். ‘ஜி லைன்’ என்பார்கள். அந்தக் கோட்டிலிருந்து எல்லையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் குட்டிக் குட்டியாகப் பக்கவாட்டுக் கோடுகள் கிளம்பும். இவற்றுக்கு ஆஃப்செட் என்று பெயர். எல்லாமே ஜி லைனுக்குச் செங்குத்து. இந்த அளவுகளை ஓரமாக ஒரு பட்டியலாக எழுதியிருப்பார்கள். நடுவில் நிமிர்ந்த கோடு, அதன் மேல் ஏறிக்கொண்டே போகும் தூரங்கள், இடமும் வலமும் ஆஃப்செட் அளவுகள். பார்ப்பதற்கு ஏணி போலவே இருப்பதால் அளவையர்கள் இதை ‘லேடர்’ என்பார்கள்.

ஏணியின் ஒரு படிக்கு இரண்டே எண்கள்: ஜி லைனில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அங்கிருந்து செங்குத்தாக எவ்வளவு தூரம் விலக வேண்டும். திசை எழுதத் தேவையில்லை, கோணமும் தேவையில்லை. செங்குத்து என்று முன்னமே முடிவு செய்துவிட்டதால் கோணம் எழுதும் வேலை மிச்சம். பங்குனி வெயிலில் நின்று குறிப்பேட்டில் எழுதுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

பழைய புலப்படங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும். எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த சங்கிலி அது. 66 அடி நீளம், 100 கண்ணிகள். ஒரு கண்ணிதான் ஒரு லிங்க். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். 66 என்பது விசித்திரமான எண்ணாகத் தோன்றும். ஆனால் பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் சரியாக ஒரு ஏக்கர். அதாவது 1,00,000 சதுர லிங்க் ஒரு ஏக்கர். 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். நாம் தினமும் சொல்லும் ‘சென்ட்’ இந்தச் சங்கிலியின் கணக்கோடு அத்தனை அழகாகப் பொருந்துகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

*

இப்போது காட்டைத் தாளுக்குக் கொண்டுவருவோம். எண்களை முழுதாக்கிக்கொள்கிறேன், கணக்குப் போட வசதியாக இருக்கும்.

முதல் கல்லை ‘அ’ என்போம். அங்கே நின்று கிழக்கே எத்தனை லிங்க், வடக்கே எத்தனை லிங்க் என்று எல்லாவற்றையும் சொல்லலாம். பாடநூலில் எக்ஸ், ஒய் என்று படித்தது இதைத்தான். இங்கே கிழக்குக்கு ‘கி’, வடக்குக்கு ‘வ’ என்று வைத்துக்கொள்வோம். மேற்கே போனால் ‘கி’ கழித்தல் குறி பெறும். தெற்கே போனால் ‘வ’ கழித்தல் குறி பெறும். ‘ஆ’ என்ற இரண்டாவது கல் ‘அ’விலிருந்து கிழக்கே 400, வடக்கே 300 லிங்க்கில் இருக்கிறது. ‘இ’ என்பது எல்லை திரும்பும் இடத்துக் கல். கிழக்கே 100, வடக்கே 200.

அ–ஆ கோட்டில் நடந்தால் ஒவ்வொரு 4 லிங்க் கிழக்குக்கும் 3 லிங்க் வடக்கு ஏறுகிறோம். இந்த விகிதம்தான் சாய்வு: 3/4. ஆகவே கோட்டின் சமன்பாடு

வ = (3/4) கி

அல்லது பின்னம் இல்லாமல்

3கி − 4வ = 0.

சமன்பாடு என்றதும் பயப்பட வேண்டாம். அது ஒரு காவல்காரர் மாதிரி. எந்த இடத்தைக் காட்டினாலும் ‘இது கோட்டின் மேல் இருக்கிறதா, இல்லையா’ என்று சொல்லிவிடும். ஆ கல்லைக் காட்டுங்கள்: 3 × 400 − 4 × 300 = 0. கோட்டில் இருக்கிறது. இ கல்லைக் காட்டுங்கள்: 300 − 800, பூஜ்யம் வரவில்லை. கோட்டில் இல்லை.

இனிக் கேள்வி: இ வழியாக வந்து அ–ஆ கோட்டைச் செங்குத்தாகத் தொடும் கோடு எது? அது எங்கே தொடுகிறது?

இங்கே கோவில்பட்டிக்காரர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒரு கருவி போதும்: தீப்பெட்டி. கட்டம் போட்ட கிராஃப் தாளை விரித்து, ஒரு புள்ளியில் தீப்பெட்டியின் மூலையை வையுங்கள். நீளமான விளிம்பு, வலப்பக்கம் 4 கட்டம், மேலே 3 கட்டம் உள்ள புள்ளியை நோக்கிப் போகட்டும். பெட்டியை அசைக்காமல், அந்த மூலையிலிருந்து கிளம்பும் குட்டை விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு நீட்டிப் பாருங்கள். அது எந்தக் கட்ட மூலையைத் தொடுகிறது? இடப்பக்கம் 3, மேலே 4. பெட்டியை வேறு சாய்வில் வையுங்கள்: வலம் 5, மேலே 2. குட்டை விளிம்பு இடம் 2, மேலே 5இல் போகும். எண்கள் இடம் மாறுகின்றன. ஒன்று மட்டும் திசை திரும்புகிறது.

காரணம் தீப்பெட்டிக்குள் இல்லை, நம் உடம்பிலேயே இருக்கிறது. கிழக்கைப் பார்த்து நிற்கிறவர் இடது பக்கம் கால்வட்டம் திரும்பினால் வடக்கைப் பார்ப்பார். வடக்கைப் பார்த்து நிற்கிறவர் அதேபோல் திரும்பினால் மேற்கைப் பார்ப்பார். ‘கிழக்கே 4, வடக்கே 3’ என்ற நடையை அப்படியே கால்வட்டம் திருப்பினால் கிழக்கே போன 4 வடக்கே போகும். வடக்கே போன 3 மேற்கே போகும். மேற்கே 3, வடக்கே 4. புதிய சாய்வு 4/(−3), அதாவது −4/3.

பழைய சாய்வு 3/4, புதிய சாய்வு −4/3. பெருக்கிப் பாருங்கள்: −1. பாடநூலில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் விதி இவ்வளவுதான். பின்னத்தைத் தலைகீழாக்குவது ‘எண்கள் இடம் மாறுவதால்’. கழித்தல் குறி ‘வடக்கு மேற்காவதால்’. பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு சோதனை உண்டு. சாய்ந்த கோடு ஒன்று வலப்பக்கம் போகப் போக ஏறினால், அதற்குச் செங்குத்தானது இறங்கியே ஆக வேண்டும். இரண்டும் ஏறுவதாக விடை வந்தால் குறி தவறிவிட்டது என்று படம் வரையாமலே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது இ வழியாகப் போகும் கோடு. சாய்வு −4/3, போக வேண்டிய இடம் (100, 200):

வ − 200 = −(4/3)(கி − 100)

மூன்றால் பெருக்கி ஒழுங்குபடுத்தினால்

4கி + 3வ = 1000.

முந்தைய கோட்டையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 3கி − 4வ. 4கி + 3வ. எண்கள் இடம் மாறி, ஒரு குறி மாறியிருக்கிறது. பழகிவிட்டால் சாய்வைக் கண்டுபிடிக்கும் வேலையே வேண்டாம். எண்களை மாற்றிப் போட்டு, குறியைத் திருப்பி, வலப்பக்கம் என்ன வரும் என்று புள்ளியைப் போட்டுப் பார்த்தால் முடிந்தது: 4 × 100 + 3 × 200 = 1000. இந்த வழிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கோடு நேர் வடக்கே போனால் அதற்குச் சாய்வு என்ற எண்ணே கிடையாது, பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும். −1 விதி அங்கே கைவிட்டுவிடும். எண்களை மாற்றும் வழி கைவிடாது. நேர் வடக்கே போகும் கோடு ‘கி = 5’ என்றால், செங்குத்து ‘வ = ஏதோ ஒன்று’ என்று தானாக வந்துவிடும்.

இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம் வேண்டும். முதல் கோட்டில் வ = (3/4)கி. இரண்டாவதில் அதைப் போடுங்கள்:

4கி + (9/4)கி = 1000

(25/4)கி = 1000

கி = 160, வ = 120.

அதுதான் செங்குத்தின் அடி. அளவையர் முளை அடித்த இடம். ‘அ’விலிருந்து அதன் தூரம்: 160இன் வர்க்கமும் 120இன் வர்க்கமும் கூட்டினால் 40,000, வர்க்கமூலம் 200. அடியிலிருந்து இ கல்லுக்கு மேற்கே 60, வடக்கே 80, தூரம் 100. ஏணியில் எழுத வேண்டியது ‘200, இடது 100’. அவ்வளவே.

அ–ஆ நீளம் 500. அ, ஆ, இ மூன்றும் சேர்ந்த முக்கோணத்துக்கு அடிப்பக்கம் 500, உயரம் 100. பரப்பு 25,000 சதுர லிங்க். ஆயிரத்துக்கு ஒரு சென்ட் என்று சொன்னேனே: சரியாக 25 சென்ட். கால் ஏக்கர். ஆஃப்செட்டைச் செங்குத்தாக எடுத்ததன் முழுப் பயனும் இங்கே கைக்கு வருகிறது. சாய்வாக எடுத்திருந்தால் இந்தப் பெருக்கல் செல்லாது.

*

காட்டில் நிற்கும் அளவையரிடம் சமன்பாடு இல்லை. அவர் எப்படிச் செங்குத்தைப் பிடிக்கிறார்? கிராஸ் ஸ்டாஃப் என்ற எளிய கருவியால். நுனியில் இரும்புப் பூண் போட்ட கம்பு, அதன் தலையில் நேர்குறுக்காக இரண்டு பார்வைப் பிளவுகள். ஒரு பிளவு வழியாக ஜி லைனின் கோடிக்கல்லில் நட்ட கொடி தெரிய வேண்டும். அதே நேரத்தில் மற்றப் பிளவு வழியாக எல்லைத் திருப்பத்தில் நட்ட கொடி தெரிய வேண்டும். இரண்டும் தெரியும் வரை சங்கிலியை ஒட்டி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு கொடியும் ஒருசேரத் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு சமன்பாடுகளையும் ஒருசேர நிறைவு செய்கிற புள்ளியும் ஒன்றே ஒன்றுதான். நாம் தாளில் செய்ததை அவர் காலால் செய்கிறார்.

கருவியே இல்லாத நேரத்துக்கும் ஒரு வழி உண்டு. டேப்பின் பூஜ்ய முனையை இ கல்லில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் டேப்பை இறுக்கியபடி சங்கிலியின் மேல் இப்படியும் அப்படியுமாக வீச வேண்டும். அளவு குறைந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் மிகக் குறைந்து, மறுபடி கூடும். மிகக் குறைந்த இடம்தான் செங்குத்தின் அடி. ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோட்டுக்குப் போகும் வழிகளில் மிகக் குறுகியது செங்குத்து வழிதான். புலியைக் கண்டு ஓடுகிறவர் சாலைக்கு எப்படி ஓடுவார் என்று யோசித்தால் இதற்கு வேறு நிரூபணம் வேண்டியதில்லை.

வீடு கட்டும் கொத்தனாரும் இதே கணக்கில்தான் வானம் தோண்டக் கயிறு கட்டுகிறார். ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே ஐந்தடி வருகிற வரை கயிற்றை நகர்த்துவார். வந்தால் மூலைமட்டம் சரி. நமது அ–ஆ கோடு 400, 300, 500 என்று முழு எண்ணாக அமைந்ததும் இந்த மூன்று, நான்கு, ஐந்தின் உபயம்தான்.

செங்குத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கிராஸ் ஸ்டாஃபைப் பிடித்ததில் ஒரே ஒரு பாகை பிசகினால், 100 லிங்க் தூரத்தில் கல் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் விலகிவிடும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடப்பாரையால் நாலு குத்துக் குத்திப் பார்த்தால் கல் தட்டுப்பட்டுவிடும். அதே பிசகு ஒரு கிலோமீட்டருக்கு என்றால் விலகல் 17 மீட்டரைத் தாண்டும். அதனால்தான் ஆஃப்செட்டைக் குட்டையாகவே வைத்தார்கள். நாட்டையே அளக்கப் புறப்பட்ட வில்லியம் லாம்டன் செங்குத்தை நம்பாமல் முக்கோணத்தை நம்பினார். 1802 ஏப்ரல் 10இல் சென்னைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கி, 57 நாளில் முடித்தார். பிறகு மலையுச்சிகளிலும் கோபுரங்களிலும் ஏறிக் கோணங்களை அளந்துகொண்டே கன்னியாகுமரி வரை வந்தார். கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அது மோதிச் சேதமடைந்தது. தாமே உட்கார்ந்து பழுது பார்த்தார். நாட்டை அளக்க அப்படி ஒரு கருவி தேவைப்பட்டது. காட்டை அளக்கக் கம்பு போதுமாக இருந்தது.

கோட்டைச் சமன்பாடாக எழுதும் பழக்கம் நிலைபெற்றது ரெனே தெகார்த்தின் காலத்தில். 1637இல் வெளிவந்த ‘வடிவியல்’ என்ற நூலில் அவர், ஒரு வளைகோட்டுக்கு ஏதேனும் ஒரு புள்ளியில் செங்குத்துக் கோடு காணும் வழியை விளக்கினார். வடிவியலில் தாம் அறிய விரும்பியவற்றுள்ளேயே மிகப் பயனுள்ளது அதுதான் என்று அவர் கருதினார். எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை. கரிசலில் பெய்யும் மழையைப் பார்த்தால் உங்களுக்கும் மிகையாகத் தெரியாது.

*

அந்த மழையின் கதைக்கு வருகிறேன். இந்த வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி. கம்பு, சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மல்லி, மிளகாய் எல்லாம் அந்த இரண்டு மாத மழையில்தான் பிழைக்க வேண்டும். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மானாவாரி வேளாண்மையைப் படித்துவருகிறது. மானாவாரிக்கு அறிவுறுத்தும் முதல் பாடமே ‘சரிவுக்குக் குறுக்கே உழு’ என்பதுதான். ‘குறுக்கே’ என்பதைக் கணக்கு மொழியில் சொன்னால், செங்குத்தாக.

நமது புஞ்சை மட்டமானதல்ல. கிழக்கே 10 மீட்டர் நடந்தால் 3 சென்டிமீட்டர் ஏற்றம், வடக்கே 10 மீட்டர் நடந்தால் 4 சென்டிமீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாது, மழைத்தண்ணீருக்குத் தெரியும். கிழக்கே 40 மீட்டரும் வடக்கே 30 மீட்டரும் நடந்தால் என்ன ஆகும்? 12 சென்டிமீட்டர் ஏறி 12 சென்டிமீட்டர் இறங்குகிறோம். உயரம் மாறவே இல்லை. அந்தத் திசை எது? நம்முடைய அதே அ–ஆ கோடு, 3கி − 4வ = 0. இப்படி உயரம் மாறாமல் போகும் கோட்டைச் சமஉயரக் கோடு என்பார்கள்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? எந்தத் திசையில் நடந்தாலும் அந்த நடையை இரண்டாகப் பிரிக்கலாம்: சமஉயரக் கோட்டை ஒட்டிக் கொஞ்சம், அதற்குச் செங்குத்தாகக் கொஞ்சம். ஒட்டி நடந்த பங்கு ஒரு சென்டிமீட்டர்கூட இறக்காது, அது வீண். இறக்கம் முழுவதும் செங்குத்துப் பங்கிலிருந்துதான் வருகிறது. எனவே நடையில் வீண் பங்கே இல்லாத திசை, அதாவது சமஉயரக் கோட்டுக்கு முழுக்கச் செங்குத்தான திசையில்தான் சரிவு மிக அதிகம். எண்ணிலும் பார்ப்போம். மேற்கே 30 மீட்டர், வடக்கே 40 மீட்டர்: இறக்கம் 9 + 16 = 25 சென்டிமீட்டர், நடந்தது 50 மீட்டர். பத்து மீட்டருக்கு 5. நேர் வடக்கே போனால் 4, நேர் மேற்கே போனால் 3, செங்குத்தில் போனால் 5. மழைத்தண்ணீர் எவரையும் கேட்காமல் அந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஜி லைனிலிருந்து இ கல்லுக்கு அளவையர் டேப் இழுத்த அதே திசையில் அது ஓடுகிறது.

அந்தத் திசையிலேயே உழவுச்சால் போனால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால். காய்ந்த கரிசல் தன் வெடிப்புகள் வழியாக முதல் மழையை மளமளவென்று குடித்துவிடும். ஆனால் நனைந்து உப்பி வெடிப்பு மூடியதும் அடுத்த மழை மிக மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். அதற்கு நேரம் வேண்டும். சால் வாய்க்காலாக இருந்தால் அந்த நேரம் கிடைக்காது. தண்ணீரும் போகும், அதோடு மேல்மண்ணும் ஓடைக்குப் போகும். சால் அ–ஆ கோட்டை ஒட்டிப் போனால் ஒவ்வொரு சாலும் ஒரு குட்டி அணை. நிற்கிற தண்ணீர் இறங்குகிறது. உளுந்து இன்னொரு வாரம் வாடாமல் நிற்கிறது. வரப்பு போடுகிறவர்களும் சமஉயரக் கோட்டை ஒட்டித்தான் போட வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கொத்தனாரின் டியூப் மட்டமே போதும். தண்ணீர் நிரப்பிய அந்த நீளக் குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும் அல்லவா? குழாயைக் காட்டில் நகர்த்திக்கொண்டே போய், உயரம் மாறாத இடங்களில் முளை அடித்தால் கோடு வந்துவிடும்.

நம் புஞ்சைகளில் எத்தனையோ இடங்களில் வரப்பு சரிவைப் பார்த்துப் போடப்படவில்லை, பாகப்பிரிவினையைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. நீளவாக்கில் பிரித்த துண்டுகளில் டிராக்டரும் நீளவாக்கில்தான் ஓடும், அது சரிவுத் திசையாகவே இருந்தாலும். டீசல் செலவும் நேரமும் அதில் மிச்சமாகும் என்பது உண்மை. இழக்கும் மண்ணை யாரும் கணக்கில் எழுதுவதில்லை என்பதும் உண்மை. குறுகலான துண்டாக இருந்தாலும் குறுக்கே உழுவது நல்லது என்பதே என் கருத்து.

*

இன்று அளவையர்கள் ரோவர் என்ற கருவியோடு வருகிறார்கள். செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பிடித்து, நிற்கும் இடத்தின் ஆயத்தொலைகளை, அதாவது நம் ‘கி’, ‘வ’ போன்ற எண்களை, அது நேரடியாகவே சொல்லிவிடும். ஆனால் பழைய ஏணியில் ‘200, இடது 100’ என்றுதானே எழுதியிருக்கிறது? அதை ஆயத்தொலையாக மாற்றியாக வேண்டும். கணினி செய்வது நாம் செய்ததன் மறுபக்கம். அ–ஆ திசையில் ஐந்துக்கு நாலு கிழக்கு, மூன்று வடக்கு. 200 லிங்க் நடந்தால் கிழக்கே 160, வடக்கே 120. கால்வட்டம் இடது திரும்பினால் ஐந்துக்கு மூன்று மேற்கு, நாலு வடக்கு. 100 லிங்க் நடந்தால் மேற்கே 60, வடக்கே 80. கூட்டினால் (100, 200). கல்லின் இடம்.

உங்கள் நிலத்தின் புலப்படத்தை இப்போது தமிழக அரசின் இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். எடுத்து, அதில் ஒரு ஜி லைனையும் ஒரு ஆஃப்செட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். கிராஃப் தாளும் தீப்பெட்டியும் போதும்.

அதற்கு முன் ஒரு பயிற்சி. அதே அ–ஆ கோட்டுக்கு வலப்பக்கம் ‘ஈ’ என்று இன்னொரு கல் இருக்கிறது: கிழக்கே 310, வடக்கே 170. ஏணியில் அதற்கு என்ன எழுத வேண்டும்? அ, ஆ, இ, ஈ நான்கு கல்லும் சேர்ந்த புலம் எத்தனை சென்ட்? ‘350, வலது 50’ என்றும், 37½ சென்ட் என்றும் வந்தால் உங்கள் கணக்கு சரி.